வாசகர் கேள்வி – பதில்: மரபுக் கதை சொல்லக் கற்க, வெளிநாடு போக நல்கை கிடைக்குமா?

போன இதழில் பண்பாட்டுச் சுற்றுலா பற்றி நாலு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வழிகாட்டிகள், ஆசிரியர்கள், அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் ஏறக்குறைய ஒன்றையே கேட்டிருக்கிறீர்கள்: பழைய இடங்களின் கதையை வருகிறவர்களுக்கு நன்றாகச் சொல்ல வெளிநாட்டில் பயிற்சி இருக்கிறது, ஆனால் போய் வரப் பணம் யார் தருவார்கள்? அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. நானே நல்கை, அதாவது திருப்பித் தர வேண்டாத உதவிப் பணம், கேட்டு எழுதியிருக்கிறேன், மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். எந்த நல்கையைத் திறந்து பார்த்தாலும் "அமைப்புகளுக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறது. தனி ஆளுக்கு யாருமே தர மாட்டார்களா?

தருவார்கள், ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் "மரபு நல்கை" என்ற பெயரில் வராது. கல்வி உதவித்தொகை, ஃபெலோஷிப், பயண உதவி என்ற பெயர்களில் இருக்கும், அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

முதலில் பணம் யாருக்காக வைக்கப்பட்டது என்று பார்க்கப் பழகுங்கள். யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பன்முகத்தன்மைக்கான பன்னாட்டு நிதியை எடுத்துக்கொண்டால், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 1,00,000 டாலர் தருகிறது, ஆனால் கேட்க முடிவது அந்தப் பன்முகத்தன்மை பற்றிய 2005-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்த வளரும் நாடுகளின் பொது நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும்தான். யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ், வாய்மொழிக் கதை, சடங்கு போன்ற வாழும் மரபுகளைக் காக்கத் தரும் உதவியை அரசுகள்தான் கேட்க வேண்டும். பண்பாட்டு வேலைகளுக்குப் பணம் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரியேட்டிவ் யூரோப் திட்டத்தில் சிறிய அளவு ஒத்துழைப்புத் திட்டத்துக்கே குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் சேர வேண்டும். இவற்றில் தனி ஆளாகப் போய் நின்றால் கதவு திறக்காது, அது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

தனி ஆளுக்கான கதவுகள் வேறு. ஒரு பட்டமே படிக்கலாம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளைப் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும், உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வீதம் அதிகபட்சம் 24 மாதம் வரை. டென்மார்க், ஸ்லோவேனியா, ஸ்பெயின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் சுற்றுலா மேலாண்மைப் படிப்பு இப்படிப்பட்டதுதான். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு. இரண்டாண்டு வேலை அனுபவத்துக்குச் சமமாக 2,800 மணி நேரம் காட்ட வேண்டும், படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். உங்கள் பன்னிரண்டு வருடம் இங்கே பெரிய பலம். மணி நேரக் கணக்கைக் காட்டத் தோதாக, பழைய வேலைகளின் ஆதாரங்களை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.

பட்டம் வேண்டாம், சில வாரம் போதும் என்றால் பண்பாட்டு மரபுகளைப் பாதுகாக்கப் பயிற்சி தரும், ரோமில் இருக்கும் இக்ரோம் என்ற பன்னாட்டு அமைப்பின் பயிற்சிகள் உண்டு, பயணச் செலவுக்கான உதவி அங்கே சிலருக்குத்தான் கிடைக்கும். ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்கா நடத்தும் பயிற்சிகளுக்கு உங்கள் நாட்டு அரசு வழியாகத்தான் பெயர் போகும், அதனால் சுற்றுலாத் துறையிலோ பண்பாட்டுத் துறையிலோ விசாரிக்காமல் இணையத்தில் மட்டும் தேடினால் ஒன்றும் நடக்காது. 1963-இல் தொடங்கிய ஏசியன் கல்ச்சுரல் கவுன்சில், ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலும் ஆசிய நாடுகளுக்குள்ளேயும் போய் வரத் தனி ஆட்களுக்கே ஃபெலோஷிப் தருகிறது. ஆன் தி மூவ் என்ற வலையமைப்பு இந்த மாதிரிப் பயண நல்கைகளை இலவசமாகத் தொகுத்துப் போடுகிறது, வாரத்துக்கு ஒரு தடவை அதைப் புரட்டுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். மரபு விளக்கத்துக்கென்று, அதாவது பழைய இடங்களின் பொருளை வருகிறவர்களுக்குப் புரியவைக்கும் கலைக்கென்று, சான்றிதழ் தரும் அமைப்புகளின் அடிப்படைப் பயிற்சி நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. உலக சுற்றுலா வழிகாட்டிகள் கூட்டமைப்பு 1985 முதல் இருக்கிறது, அதற்கென்று பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒருவர் போய் வரும் செலவுக்குள் ஒரு பயிற்றுநரை வரவழைத்து இருபது பேர் கற்க முடியுமா என்று உங்கள் சங்கத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அப்போது நீங்கள் அமைப்பாகவே நல்கை கேட்கலாம், முன்பு மூடியிருந்த கதவுகளில் சிலவும் திறக்கும்.

கேள்வி: மூன்று முறை விண்ணப்பித்தேன், மூன்று முறையும் நிராகரித்துவிட்டார்கள். எங்கள் பகுதியின் வரலாற்றை எட்டுப் பக்கம் ஆதாரத்தோடு எழுதியிருந்தேன். இதைவிட என்ன வேண்டும் அவர்களுக்கு?

உங்கள் வருத்தம் புரிகிறது. எட்டுப் பக்கம் ஆதாரத்தோடு எழுதுவது லேசான வேலை இல்லை, அதை மூன்று முறை திருப்பி அனுப்பினால் யாருக்கும் மனம் உடையும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்: அந்த எட்டுப் பக்கம்தான் பிரச்சினை.

குழுவில் இருந்தபோது நான் பார்த்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன. இடம் எவ்வளவு பழையது, எவ்வளவு சிறப்பானது, யார் யார் ஆண்டார்கள் என்று ஏழு பக்கம் போகும், கடைசி அரைப் பக்கத்தில் "இந்தப் பயிற்சி எனக்கு மிகவும் பயன்படும்" என்று முடியும். இடம் சிறப்பானது என்பதை யாரும் மறுக்கவில்லை. படிக்கிறவருக்கு வேண்டியது வேறு: இன்றைக்கு அந்த இடத்துக்கு வருகிறவர் என்ன பார்க்கிறார், எதைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார், உங்களுக்கு எது தெரியாததால் அது நடக்கிறது, நீங்கள் போய்க் கற்று வந்தால் எது மாறும்?

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக எழுதிய ஃப்ரீமன் டில்டன் 1957-லேயே இதைச் சொல்லிவிட்டார். தகவல் மட்டும் விளக்கம் ஆகாது, தகவலிலிருந்து எழும் புரிதல்தான் விளக்கம் என்பது அவர் வகுத்த ஆறு கோட்பாடுகளில் ஒன்று. இந்தத் துறையில் மதிப்பெண் போடுகிறவர்கள் பலர் அவருடைய சிந்தனை வழியில் வந்தவர்கள். விண்ணப்பத்திலேயே நீங்கள் தகவலைக் கொட்டினால், சுற்றுலாப் பயணியிடமும் இதைத்தான் செய்வார் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

ஒரு உதாரணம். மூடிப்போன ஒரு சுரங்கம், அதை இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இச்சுரங்கம் இத்தனை ஆண்டு இயங்கியது, இவ்வளவு டன் எடுத்தார்கள்" என்று தொடங்கும் விண்ணப்பம் நூறோடு நூற்றொன்றாகப் போய்விடும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "வருகிறவர்கள் நாற்பது நிமிடத்தில் இயந்திரங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே இறங்கி வேலை செய்தவர்களில் பதினோரு பேர் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஒருவரிடமும் யாரும் பேசியதில்லை. அவர்கள் வாயால் கேட்டதை வைத்து ஒரு நடைப்பயணம் அமைக்க விரும்புகிறேன், அதற்கு எனக்கு நேர்காணல் எடுக்கவும் தொகுக்கவும் தெரிய வேண்டும், அதைக் கற்றுத் தருகிற இடம் இது." நாலே வரிதான். இடம், ஆட்கள், குறை, பயிற்சி எல்லாம் வந்துவிட்டது. வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும், மிச்சத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

அப்புறம், திரும்பி வந்தபின் என்ன செய்வீர்கள் என்பதற்கு இடத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பணம் தருகிறவர் வாங்குவது நீங்கள் ஊர் திரும்பிய அடுத்த நாளிலிருந்து நடக்கப்போவதைத்தான். எத்தனை பேருக்குச் சொல்லித் தருவீர்கள், எந்த மாதத்தில், எங்கே, யார் இடம் தருகிறார்கள் என்று எழுதுங்கள். "பலருக்கும் பயிற்சி அளிப்பேன்" என்ற வரியை நான் நூறு தடவை படித்திருக்கிறேன், அதற்கு ஒரு மதிப்பெண்கூடப் போட வழியில்லை. "ஆறு வழிகாட்டிகளுக்கு, நான்கு சனிக்கிழமை, நூலக அரங்கில், நூலகரின் ஒப்புதல் கடிதம் இணைத்துள்ளேன்" என்பதற்குப் போடலாம்.

நிராகரித்தவர்களிடம் காரணம் கேட்டீர்களா? பல நிதி அமைப்புகள் கேட்டால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைத் தருகின்றன. மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், நாலாவது முறை அதை வைத்து எழுதலாம்.

கேள்வி: "நல்கை நிச்சயம், முன்பணமாகப் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒரு முகவர் சொல்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். நல்கையை நிச்சயமாகத் தர நிதி அமைப்பைத் தவிர வேறு யாராலும் முடியாது. பல்கலைக்கழகம் நேரடியாகக் கேட்கும் விண்ணப்பக் கட்டணம் வேறு, அதுவும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும்.

கேள்வி: பயிற்சிக்குத் தயாராகப் பெரியவர்களிடம் நிறையக் கதைகள் பதிவு செய்து வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு மாதிரிக்கு இரண்டு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாம்தானே, எல்லோரும் மனமுவந்து சொன்னவைதானே?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, ஏனென்றால் கேட்காமலே அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பெரியவரிடம் பதிவு செய்த நினைவுகளை ஒரு பயிற்சிக்கு மாதிரியாக அனுப்பினேன், அவர்கள் அதை விளம்பரக் காணொளியில் சேர்த்துவிட்டார்கள். அதில் அவர் குடும்பத்துக்குள் மட்டும் வைத்திருந்த ஒரு இழப்பு இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, "உன்னிடம்தானே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். காணொளியை எடுக்க வைத்தேன், ஆனால் அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது.

உங்களிடம் சொன்னது உங்களுக்குச் சொன்னது. அதை வெளியே கொண்டுபோக மறுபடி கேட்க வேண்டும். வாழும் மரபுகளைக் காப்பது பற்றி யுனெஸ்கோ 2015-இல் ஏற்ற 12 நெறிக் கோட்பாடுகளில் இது தெளிவாக இருக்கிறது: வற்புறுத்தல் இல்லாமல், முன்கூட்டியே, முழு விவரமும் தெரிந்து தரும் ஒப்புதல், அதுவும் ஒரே ஒரு தடவை வாங்கிவிட்டு முடித்துவிடாமல் வேலை நடக்கும் காலம் முழுவதும் தொடர வேண்டிய ஒப்புதல். அதனால் அந்த இரண்டு பேரிடமும் நேரில் போங்கள். யாருக்கு அனுப்புகிறீர்கள், எதற்கு, யார் கேட்பார்கள், வெளியிடுவார்களா என்று சொல்லுங்கள். பெயர் வேண்டுமா வேண்டாமா, எந்தப் பகுதியை நீக்க வேண்டும், பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்பதையும் பேசுங்கள். எளிய மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் வாசித்துக் காட்டி, ஒப்புதலைக் குரலாகவே பதிவு செய்யலாம். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு அருமையாக இருந்தாலும்.

இது விண்ணப்பத்துக்கும் நல்லது. மரபிடங்களை விளக்குவது பற்றி, நினைவுச்சின்னங்களையும் மரபிடங்களையும் காக்கும் பன்னாட்டு அமைப்பான ஐகோமாஸ் 2008-இல் கனடாவின் கியூபெக்கில் ஏற்ற சாசனம், அறிஞர்களின் ஆய்வோடு வாழும் மரபுகளிலிருந்து கிடைப்பதையும் ஆதாரமாக ஏற்கிறது. ஆக, நீங்கள் சேர்த்த வாய்மொழி நினைவுகள் புத்தக ஆதாரத்துக்குக் கீழே நிற்க வேண்டியவை இல்லை. முறையாகச் சேர்த்தீர்கள் என்று காட்டினால் போதும், ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்றை இணைத்த விண்ணப்பத்தை நான் எப்போதும் இரண்டாவது தடவை படித்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை: கதை சொன்னவர்களுக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி போடுங்கள். ஒளிப்பதிவாளருக்குப் பணம், மொழிபெயர்ப்பாளருக்குப் பணம், வடிவமைப்பாளருக்குப் பணம், நாலு நாள் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொன்னவருக்கு மட்டும் ஒரு நன்றி அட்டை என்று இருப்பதை நான் இனியும் ஏற்கப்போவதில்லை. அவருடைய நேரத்துக்கு மதிப்பூதியம் என்று எழுதுங்கள். நடைப்பயணம் வருமானம் தரத் தொடங்கினால் அதில் அவர்கள் பங்கு என்ன என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: பட்ஜெட் எழுதும்போது குறைவாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகமா?

இல்லை. ரொம்பக் குறைவாகக் கேட்டால் இவருக்குச் செலவு தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். உண்மையான செலவைக் கேளுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: இத்தனை நாள், ஒரு நாளுக்கு இவ்வளவு.

மறந்துபோகிறவை எப்போதும் இவைதான். விசாக் கட்டணம், விசாவுக்காக வேறு நகரம் போய் வரும் செலவு, காப்பீடு, வங்கி பிடிக்கும் கட்டணம், பதிவுகளை எழுத்தாக்கும் கூலி, நீங்கள் இல்லாத நாட்களில் இழக்கும் வருமானம். கடைசியில் சொன்னதைச் சில அமைப்புகள் ஏற்கும், சில ஏற்காது, விதிகளில் பாருங்கள். பணம் அவர்கள் நாணயத்தில் வந்து நீங்கள் வேறு நாணயத்தில் செலவழித்தால், மாற்று விகிதம் நடுவில் அசையும், அதற்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

"இணை நிதி" என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள். முன்னே சொன்ன கிரியேட்டிவ் யூரோப் சிறிய திட்டங்களில் அதிகபட்சம் 2,00,000 யூரோ, அதுவும் மொத்தச் செலவில் 80 சதவீதம் வரைதான், மிச்ச 20 சதவீதம் நீங்களே கொண்டுவர வேண்டும். வேறு சில நிதிகளில் இலவசமாகக் கிடைக்கும் அரங்கையோ தன்னார்வலர் நேரத்தையோ விலை போட்டுக் கணக்கில் காட்ட விடுவார்கள். தவணைகளையும் பாருங்கள். கடைசித் தவணை அறிக்கைக்குப் பிறகுதான் வரும் என்றால் அதுவரை கையிலிருந்து போட வேண்டியிருக்கும். நல்கை கிடைத்த சந்தோஷத்தில் கடன் வாங்கிச் செலவு செய்து மாதக்கணக்கில் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தொகை உங்களால் முடியாது என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள், சில சமயம் தவணையை மாற்றித் தருவார்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் கேட்கிறார்கள். யாரையும் தெரியாதே, எப்படி வாங்குவது?

அறிமுகம் இல்லாமலே எழுதலாம், பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெரிய அருங்காட்சியகத்தின் பொது முகவரிக்கு எழுதுவதைவிட, உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒரு சிறிய இடத்தில், அந்த வேலையைச் செய்கிற மனிதருக்கு எழுதுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவர்கள் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி, நீங்கள் என்ன செய்கிறீர்கள், எத்தனை வாரம், எந்தச் செலவும் அவர்களுக்கு இல்லை, அவர்களுக்கு உங்களால் என்ன தர முடியும் என்று எழுதுங்கள். கடைசி நாளுக்கு நாலு மாதம் முன்பாவது தொடங்குங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஐரோப்பாவில் மூன்றரை மாதப் பயிற்சி. சுற்றுலா விசாவில் போய்விடலாமா?

கூடாது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். மூன்றரை மாதம் என்றால் அந்த நாட்டின் நீண்ட கால விசா வேண்டும், அதற்கு நாள் அதிகம் பிடிக்கும். 90 நாளுக்குள் அடங்கும் பயிற்சி என்றாலும் விண்ணப்பத்தில் உண்மையான நோக்கத்தை எழுதுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: நல்கையில் போய் வந்தேன். முப்பது பேருக்குப் பயிற்சி தருவதாக எழுதியிருந்தேன், ஒன்பது பேர்தான் வந்தார்கள். அவர்களிலும் நாலு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். இறுதி அறிக்கை எழுதக் கை வரவில்லை. எப்படி எழுதுவது?

ஒன்பது பேர் வந்தார்கள், ஐந்து பேர் முடித்தார்கள் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எண்ணை மறைத்தால் அடுத்த பக்கத்தில் வருகைப் பதிவேடு காட்டிக் கொடுக்கும், அதைவிட முக்கியம், நீங்கள் அந்தப் பொய்யோடு அடுத்த விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.

பிறகு ஏன் என்று எழுதுங்கள், இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். நின்றுபோன நாலு பேரிடமும் பேசினீர்களா? வகுப்பு வைத்த நேரம் அவர்கள் வேலை நேரமாக இருந்ததா, போக்குவரத்துக்குப் பணம் இல்லையா, நீங்கள் வெளிநாட்டில் கற்ற முறை அவர்கள் வேலைக்கு ஒட்டவில்லையா? கடைசிக் காரணம் என்றால் தயங்காமல் எழுதுங்கள், ஏனென்றால் அதே பயிற்சிக்கு அடுத்த வருடம் வேறொருவரை அனுப்பப் போகிறார்கள், உங்கள் பத்தி அவருக்கு உதவும். பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் இரண்டாவது சுற்று நடத்த அனுமதி கேளுங்கள், இலக்கையோ தேதியையோ மாற்ற வேண்டியிருந்தால் கெடு முடிவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும், முடிந்த பின் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

முடித்த அந்த ஐந்து பேரைப் பற்றி விரிவாக எழுதுங்கள். ஒவ்வொருவரும் இப்போது எந்த இடத்தில் யாருடைய கதையைச் சொல்கிறார்கள், அந்தக் கதைக்கு உரியவர்கள் அதைக் கேட்டார்களா, என்ன சொன்னார்கள்? அவர்களில் ஒருவருடைய நடைப்பயணத்தில் நீங்களே ஒரு நாள் பார்வையாளராகப் போய்விட்டு வாருங்கள், திரும்பி வந்து அன்றைக்கு இரவே அறிக்கையைத் தொடங்குங்கள்.